சப்வூஃபர் சரியாக ஒலிக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

பெங்களூரு அடுக்குமாடி வீடுகளில் சுவர் கான்கிரீட் அல்லது சாலிட் பிளாக். தரை டைல், மேலே கான்கிரீட் தளம். இந்தப் பெட்டிக்குள் புகுந்த பேஸ் (சப்வூஃபர் தரும் அடிமட்ட ஒலி) வெளியேற வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். அமெரிக்காவில் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் வைத்துக் கட்டிய வீடுகளில் சுவரே கொஞ்சம் அதிர்ந்து பேஸின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அங்கிருந்து வரும் வீடியோக்களில் சொல்லும் அமைப்பு நம் ஹாலில் அப்படியே பலிக்காததற்கு இது முக்கியக் காரணம். அதனால் சரிசெய்யும் வரிசை மாறக் கூடாது: முதலில் சப்வூஃபரும் சோஃபாவும் இருக்கும் இடம், அடுத்து ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரின் அமைப்பு, கடைசியில்தான் ஈக்யூ (அதிர்வெண்வாரியாக ஒலியை ஏற்றி இறக்குவது).

அளக்கத் தேவையானவை: ஒரு லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள், யூமிக்-1 போன்ற யூஎஸ்பி அளவை மைக், அதற்கொரு ஸ்டாண்ட், அளவு டேப், மாஸ்கிங் டேப். மைக்கின் மேல் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணைக் கொடுத்து அதற்குரிய திருத்தக் கோப்பை இறக்கி மென்பொருளில் ஏற்றுங்கள். மொபைல் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது காட்டும் எண்ணை நம்பி எதையும் திருத்த வேண்டாம்.

அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலும் கதவும் நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் நிலையிலேயே இருக்கட்டும். இந்த ஊரில் ஏசி இல்லாமல் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துப் பார்ப்பவர்கள் அதிகம். கதவை மூடி அளந்துவிட்டுத் திறந்து வைத்துக் கேட்டால் அடிமட்ட பேஸ் வேறு மாதிரி இருக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் எல்லாவற்றையும் ஒரு பொது நிலைக்குக் கொண்டுவாருங்கள். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்கும் என்ற எல்லை) குமிழை முழுக்கத் திருப்பி உச்சத்தில் வையுங்கள். எல்எஃப்இ (படத்தின் தனி பேஸ் சேனல்) என்று தனி நிலை இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் ரிசீவரின் வடிகட்டியும் சப்வூஃபரின் வடிகட்டியும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை தேய்ந்துபோகும். ஃபேஸ் (அலையை முன்பின் நகர்த்தும் அமைப்பு) 0, கெயின் (சப்வூஃபரின் ஒலி அளவு) பாதி. ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரும் ஸ்மால் (பேஸைச் சப்வூஃபருக்கு விட்டுவிடும் நிலை; லார்ஜ் என்றால் ஸ்பீக்கரே வைத்துக்கொள்ளும்), கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், சப்வூஃபர் மோட் எல்எஃப்இ மட்டும். டோன் கன்ட்ரோல், பேஸ் பூஸ்ட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

சத்தமே வரவில்லை, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

ரிசீவரின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டால்பி டிஜிட்டல் என்பதற்குப் பதில் பிசிஎம் 2.0 என்று இருந்தால், டிவியோ செட்டாப் பாக்ஸோ ஒலியை ஸ்டீரியோவாகச் சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கத்தில் எல்எஃப்இ சேனல் பெரும்பாலும் கழிந்துவிடும். முன் ஸ்பீக்கர்கள் லார்ஜ் என்றும் இருந்தால் சப்வூஃபருக்கு அனுப்ப எதுவுமே மிஞ்சாது. மூல சாதனத்தின் ஒலி அமைப்பை பிட்ஸ்ட்ரீம் (ஒலியை மாற்றாமல் அனுப்பும் நிலை) ஆக்குங்கள், ஸ்பீக்கர்களை ஸ்மால் ஆக்குங்கள்.

மெதுவான காட்சிகளில் சப்வூஃபர் தூங்கிப்போனால் அது ஆட்டோ ஸ்டாண்ட்பை செய்யும் வேலை. உள்ளே வரும் சிக்னல் அதை எழுப்பும் அளவுக்கு இல்லை. சுவிட்சை ஆன் நிலையில் வையுங்கள். அல்லது ரிசீவரின் சப்வூஃபர் டிரிம்மை (அந்தச் சேனலின் ஒலி அளவு) 4 டெசிபல் ஏற்றி, சப்வூஃபரின் கெயினை அதே அளவு இறக்குங்கள்.

'ம்ம்ம்' என்று விடாத இரைச்சல்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கும். சப்வூஃபர் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிசீவரின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, அதிலிருந்து வரும் ஆர்சிஏ வயரைச் சப்வூஃபர் பக்கம் கழற்றுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் கோளாறு சப்வூஃபரின் ஆம்ப்ளிஃபயரில் அல்லது வீட்டு வயரிங்கில். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப் (இரு எர்த் பாதைகள் சேர்ந்து உருவாகும் வளையம்), அல்லது கேபிளின் கவசம் அறுந்திருக்கிறது.

கிரவுண்ட் லூப் பெரும்பாலும் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் கோஆக்சியல் வயர் வழியாகத்தான் வரும். செட்டாப் பாக்ஸிலிருந்து அந்த வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஆள் பிடிபட்டான். கேபிள் டிவியானால் கோஆக்ஸ் ஐசொலேட்டர் போதும். டிடிஎச் ஆனால் அது உதவாது: டிஷ் தட்டின் தலையில் சிக்னல் வாங்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அதே வயரில்தான் போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்தால் படமே போய்விடும். அந்த இடத்தில் ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் நடுவே ஆர்சிஏ வரியில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். எஸ்.பி. ரோட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸை வெட்டிவிடும். 20 ஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்கி, வாங்கிய பிறகு ஒருமுறை அளந்தும் பாருங்கள்.

ரிசீவர், சப்வூஃபர், டிவி எல்லாம் ஒரே சாக்கெட்டிலிருந்து கிளம்பும் ஸ்பைக் பஸ்டரில் இருப்பது நல்லது. எர்த் பின்னை உடைத்தோ டேப் சுற்றியோ இரைச்சலை நிறுத்தாதீர்கள். உள்ளே ஒரு வயர் உலோகப் பெட்டியைத் தொட்டால் அந்தப் பின்தான் உயிரைக் காக்கும். மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

மின்விசிறி ஓடும்போது மட்டும் 'ஜர்ர்' என்றால் டயாக்-டிரையாக் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் காரணம். கெப்பாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டருக்கு மாற்றுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்த இரைச்சல் வராது.

சமையலறை வாசலில் நின்றால் அதிர்கிறது, சோஃபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை

இந்தப் புகாரைக் கேட்டதும் கெயினைத் திருகத்தான் கை போகும். திருகினால் சமையலறை இன்னும் அதிரும், சோஃபா அப்படியே இருக்கும்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி ஓடித் திரும்பும்போது சில அதிர்வெண்கள் ஒரே இடத்தில் நின்று ஆடும். அவற்றில் முதலாவதைக் கண்டுபிடிக்க 565ஐ அறையின் அடி அளவால் வகுத்தால் போதும். 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடி அகலத்துக்கு 51, 10 அடி உயரத்துக்கு 56 அல்லது 57. இதன் இரு மடங்கு, மும்மடங்குகளிலும் அடுத்தடுத்தவை வரும். முதல் அதிர்வுக்குச் சுவரருகே அழுத்தம் உச்சம். அறையின் நட்டநடுவில் பூஜ்யம். 14 அடி ஹாலில் டிவி சுவரிலிருந்து 7 அடியில் காது இருந்தால் 40 ஹெர்ட்ஸ் அங்கே செத்துப்போகும்.

அந்தப் பள்ளத்தை ஈக்யூவில் தூக்க முடியாது. 10 டெசிபல் தூக்கப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். 200 வாட் சப்வூஃபரிடம் 2000 வாட் கேட்பதாகும். கொடுத்தாலும் நேராக வரும் ஒலி ஏறும் அளவுக்கே எதிரொலியும் ஏறி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது சூடான வாய்ஸ் காயிலும் வற்றிய ஆம்ப்ளிஃபயரும்தான்.

ஆகவே சோஃபாவை நகர்த்துங்கள். அரை அடி நகர்த்தினால் இந்த அலைநீளங்களில் ஒன்றும் மாறாது. 2 அடியாவது வேண்டும். 14 அடி ஹாலில் டிவி சுவரிலிருந்து காது 9 அடியில் வருவது நல்ல தொடக்கம். சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டினால் எதிர்க் கோளாறு வரும், எல்லா மேடும் காதருகே குவியும். டைனிங்கோடு சேர்ந்த எல் வடிவ ஹாலானால் வகுத்துப் பார்த்த எண்கள் வழிகாட்டி மட்டுமே. திறந்த பக்கத்தில் சுவர் இல்லாததால் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறாக நடக்கும். அங்கே மைக்தான் பேச வேண்டும்.

அடுத்து சப்வூஃபரின் இடம். இதற்கு ஒரு பழைய வித்தை உண்டு, இன்றும் அதை விஞ்சியது இல்லை. சப்வூஃபரை இருவராகத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே சோஃபாவின் மேல் வையுங்கள். ஒலி போகும் பாதை இரு திசையிலும் ஒன்றே என்பதால், ஒலி தரும் இடமும் கேட்கும் இடமும் இடம் மாறினாலும் விளைவு மாறாது. இப்போது மைக்கைத் தரையோரம், சப்வூஃபர் வைக்கச் சாத்தியமுள்ள ஐந்தாறு இடங்களில் ஒவ்வொன்றாக வைத்து 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (கீழிருந்து மேலாக ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதித் தரையில் ஒட்டி, அதே எண்ணை அளவுக்கும் பெயராகக் கொடுங்கள். மைக் இல்லாவிட்டால் பேஸ் கிடார் தெளிவாக வரும் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முழங்காலிட்டுச் சுவரோரம் நகர்ந்து காதால் கேளுங்கள்.

சத்தம் அதிகம் வரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது பெரும்பாலும் மூலை. ஆழமான பள்ளம் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேட்டைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

எங்கு வைத்தாலும் பள்ளம் போகாவிட்டால் இரண்டாவது சப்வூஃபர்தான் நேர்மையான தீர்வு. ஹார்மன் என்ற ஒலிச் சாதன நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தால் இருக்கைக்கு இருக்கை வேறுபாடு நன்றாகக் குறைவதைக் காட்டியது. இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒரு பெரிய 15 அங்குலத்துக்குச் செலவழிப்பதைவிட இரண்டு 10 அங்குலம் நம் ஹால்களுக்கு மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எந்தப் பாட்டுக்கும் ஒரே 'டும்'

மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிடாரும் ஒரே சுருதியில் முழங்கினால், ஒரு அதிர்வெண் மேடிட்டு நீளமாக ரீங்கரிக்கிறது என்று பொருள். பேஸ் கிடாரின் திறந்த தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். 14 அடி ஹாலின் 40 ஹெர்ட்ஸ் அதிர்வு முதல் தந்தியின் மேல் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கும், மற்ற மூன்றும் ஒடுங்கும்.

சப்வூஃபர் மூலையில் இருந்தால் முதலில் அங்கிருந்து எடுங்கள். மூலை எல்லா அதிர்வுகளையும் ஒருசேரத் தூண்டும். சுவரின் நீளத்தில் கால் பங்கு அளவுக்குத் தள்ளி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் நிற்கும் மேட்டைப் பாராமெட்ரிக் ஈக்யூவில் (அதிர்வெண், அளவு, அகலம் மூன்றையும் தனியாகக் குறிக்கும் வகை) வெட்டலாம். உதாரணமாக 41 ஹெர்ட்ஸில் சுற்றுப்புறத்தைவிட 11 டெசிபல் உயர்ந்து, கூர்மையாக ஒரு மேடு நிற்கிறது என்றால் அதிர்வெண் 41, கெயின் மைனஸ் 8, க்யூ (வெட்டின் கூர்மை) 5 என்று தொடங்குங்கள். முழு 11-ஐயும் வெட்ட வேண்டாம், கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று காட்டும் மென்பொருளின் வாட்டர்ஃபால் படத்தில் அந்த இடத்தின் வால் குட்டையாகியிருக்க வேண்டும். வால் குறையாமல் உயரம் மட்டும் குறைந்திருந்தால் அதிர்வெண்ணோ க்யூவோ சற்று விலகியிருக்கிறது. அரை ஹெர்ட்ஸ் அரை ஹெர்ட்ஸாக நகர்த்துங்கள். ரிசீவரில் பாராமெட்ரிக் வசதி இல்லாதவர்கள் மினிடிஎஸ்பி 2x4 எச்டி போன்ற ஈக்யூ பெட்டியை ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் நடுவே போடலாம்.

ஃபோம் ஒட்டுவது பற்றி: முட்டை அட்டை வடிவ 2 அங்குல ஃபோம் 40 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. அந்த அலையின் கால் பங்கு நீளமே 7 அடி. ஃபோம் உயர் சுருதியை மட்டும் உறிஞ்ச, அறை மங்கி, பேஸ் இன்னும் தூக்கலாகத் தெரியும்.

80 ஹெர்ட்ஸ் அருகே ஓட்டை: தாள அடி மெலிகிறது, ஆண் குரல் சன்னமாகிறது

மூன்று ஸ்வீப் எடுங்கள்: முன் ஸ்பீக்கர்கள் மட்டும், சப்வூஃபர் மட்டும், இரண்டும் சேர்ந்து. சேர்ந்தது தனித்தனியாக எடுத்ததைவிடத் தாழ்ந்திருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. முதலில் முன் ஸ்பீக்கர் வயர்களைச் சரிபாருங்கள். ஒன்றில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் வேறு எதைத் திருத்தியும் பலனில்லை. பிறகு 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஃபேஸை 0, 180 என்று மாற்றி, மைக் அதிகம் காட்டும் நிலையில் விடுங்கள். அடுத்து ரிசீவரில் சப்வூஃபர் தூரத்தை ஒவ்வொரு அடியாக மாற்றுங்கள். ஓர் அடி சுமார் 0.9 மில்லிசெகண்ட், 80 ஹெர்ட்ஸில் 7 அடி மாற்றினால் அரைச் சுற்று. ஆகவே அந்த 7 அடிக்குள் உச்சம் நிச்சயம் வரும்.

டேப்பில் 8 அடி வருவது ரிசீவரில் 13 அடி என்று முடிந்தால் பதற வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றே சிக்னலைத் தாமதிக்கிறது. அந்தத் தாமதமும் சேர்ந்த கணக்கு அது.

ஓட்டை ஃபேஸை மாற்றியும் அசையாமல் நின்றால் சுவர் எதிரொலியைச் சந்தேகியுங்கள். 282-ஐச் சுவருக்கும் ஸ்பீக்கர் முகத்துக்கும் உள்ள அடியால் வகுத்தால் அழியும் அதிர்வெண் வரும். 3.5 அடி என்றால் சுமார் 80. தலைக்குப் பின்னால் உள்ள சுவருக்கும் இதே கணக்கு.

4 அங்குல வூஃபர் உள்ள சின்ன ஸ்பீக்கர்களுக்குக் கிராஸ்ஓவரை 100 அல்லது 120 ஆக்குங்கள். அதற்கு மேல் போனால் சப்வூஃபர் எந்த மூலையில் இருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும். ரிசீவரில் எல்பிஎஃப் ஆஃப் எல்எஃப்இ என்று தனியாக ஒன்று இருக்கும். அது கிராஸ்ஓவர் அல்ல. அதை 120-லேயே விடுங்கள், 80 ஆக்கினால் படத்தின் எல்எஃப்இ ஒலியில் ஒரு பகுதி வெட்டுப்படும்.

ஆட்டோ கேலிபரேஷன் முடிந்ததும் பேஸ் மோசமானது

ரிசீவர் தன் மைக்கால் அறையை அளந்து தானே அமைத்துக்கொண்ட பிறகு, சப்வூஃபர் டிரிம் என்ன காட்டுகிறது? பல ரிசீவர்களில் மைனஸ் 12 என்றால் அது எல்லையை முட்டிவிட்டது என்று பொருள். உண்மையில் இன்னும் குறைக்க வேண்டியிருக்கலாம், அதற்கு இடமில்லை. கெயினைக் கால் சுற்று இறக்கி முழுதாக மறுபடி ஓட்டுங்கள். மைனஸ் 3 முதல் மைனஸ் 6 வரை வந்தால் நல்லது.

மைக்கைச் சோஃபா மெத்தையிலோ சாய்மானத்தின் மேலோ வைக்காதீர்கள், ஸ்டாண்டில் காது உயரத்தில் நிற்கட்டும். பல ரிசீவர்களில் தூரமும் அளவும் முதல் மைக் நிலையிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஆகவே அது முக்கிய இருக்கையாக இருக்க வேண்டும். நடுவில் குக்கர் விசில் அடித்தால் மறுபடி தொடங்குங்கள்.

முடிந்ததும் முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் லார்ஜ் ஆக்கியிருந்தால் கையால் ஸ்மால் ஆக்குங்கள். கிராஸ்ஓவரை அது கொடுத்ததைவிட ஏற்றலாம், இறக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் பேஸ் குறைவாகத் தோன்றினால், இத்தனை நாள் மேட்டைக் கேட்டுப் பழகிய காது அது. ஒரு வாரம் கேட்டுவிட்டு, வேண்டுமானால் டிரிம்மில் 3 டெசிபல் ஏற்றுங்கள். இது ருசி சார்ந்தது, பிழை அல்ல.

கடகடவென்று ஏதோ ஆடுகிறது

டோன் ஜெனரேட்டரில் 20-இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். சத்தம் வரும் இடத்தில் நிறுத்தி, அறையைச் சுற்றி ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்துங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்பிரிங் கிளிப்பில் தொங்கும் விளக்கு, கொசுவலைச் சட்டம், ஸ்லைடிங் ஜன்னலின் தண்டவாளம், சுவிட்ச் போர்டின் மூடி, ஷோகேஸ் கண்ணாடி, பூஜை அலமாரியில் தொங்கும் மணி. தொட்டதும் அடங்குவதுதான் குற்றவாளி. ஒரு துண்டு ஃபெல்ட், ஜன்னலுக்கு வெதர் ஸ்டிரிப், தளர்ந்த ஸ்குரூவுக்கு அரைச் சுற்று. ஒன்றை அடக்கியதும் அடுத்தது வெளிவரும், இரண்டு முறை ஓட்டுங்கள்.

சப்வூஃபரிலிருந்தே 'டக் டக்' என்று வந்தால் உடனே ஒலியைக் குறையுங்கள்: வாய்ஸ் காயில் (கூம்பை ஆட்டும் கம்பிச்சுருள்) எல்லையைத் தாண்டி அடிபடுகிறது. போர்ட் துளையில் 'புஸ்' என்று காற்று இரைந்தால் அளவுக்கு மேல் கேட்கிறீர்கள்.

கீழ் வீட்டிலிருந்து புகார்

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல், பகலில் 55. ஆனால் இவை ஏ வெயிட்டிங் அளவுகள். அந்த அளவீடு 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலையும் 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபலையும் கழித்துக் காட்டும். மீட்டர் ஒழுங்கு என்று சொல்லும்போதே கீழ் வீட்டுப் பாட்டிக்குத் தூக்கம் போயிருக்கும். அவர் சொல்வதை நம்புங்கள்.

சப்வூஃபரின் அடியில் ரப்பர் அல்லது ஃபோம் மேடை போட்டால் தரைவழி அதிர்வு கொஞ்சம் குறையும். காற்றுவழி தளத்தை ஆட்டும் பேஸ் குறையாது. பலனளிப்பது வேறு: ஒருவர் மேலே 30, 35, 40, 45 என்று 80 வரை டோன்களை அரை நிமிடம் போட, இன்னொருவர் கீழ் வீட்டு ஆன்ட்டியின் அனுமதியோடு அங்கே நின்று, எந்த அதிர்வெண் கீழே அதிகம் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். போனில் கேட்க முடியாது, அழைப்பில் பேஸ் போகாது; ஆள் போக வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு அதிர்வெண்தான் அகப்படும். அவற்றில் 8 முதல் 10 டெசிபல் வெட்டி, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் வடிகட்டி போட்டு, 'இரவு' என்று தனி பிரிசெட்டாகச் சேமியுங்கள். 10 மணிக்கு அதற்கு மாறிவிடலாம். பகல் பிரிசெட் அப்படியே இருக்கும்.